பத்மினியின் சில் பேனலைப் பிரிக்க எந்த ஸ்பாட் வெல்டு கட்டர் ஏற்றது?

கோவை_பத்மினி:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1986ஆம் ஆண்டில் வாங்கிய பிரீமியர் பத்மினி காரை வீட்டுக் கொட்டகையிலேயே வைத்து மீட்டெடுத்து வருகிறேன். எஞ்சினும் இருக்கைகளும் வெளியே எடுக்கப்பட்டுவிட்டன. இடப்பக்கக் கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பேனல், ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து அழுத்தினாலே உள்ளே இறங்கும் அளவுக்குத் துருவேறியிருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் உள்ள உட்தகடும், அதனோடு சேரும் தரைத் தகட்டின் விளிம்பும் பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளன. ஆகவே வெளித்தகட்டை மட்டும் பிரித்தெடுத்து, 20 கேஜ் சி.ஆர். (குளிர்முறையில் உருட்டிய எஃகு) தகட்டில் வளைத்துச் செய்த புதிய பேனலைப் பொருத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

வெளித்தகட்டின் விளிம்பை உட்தகட்டோடு பிணைப்பவை ஸ்பாட் வெல்டுகள், அதாவது மின்சாரத்தால் இரு தகடுகளையும் புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டிய இடங்கள். கையிலிருந்த சாதாரண 8 மி.மீ. டிரில் பிட்டால் அவற்றில் நான்கை எடுத்துப் பார்த்தேன். நான்கில் மூன்று, உட்தகட்டையும் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விட்டன. கடையில் விசாரித்தபோது, முனை தட்டையாக உள்ள கோபால்ட் பிட், நடுவில் ஸ்பிரிங் ஊசியுடன் கூடிய கிரீட வடிவக் கட்டர், காற்றில் இயங்கும் கவ்வி டிரில் ஆகிய மூன்றையும் காட்டினார்கள். என்னிடம் 10 மி.மீ. மின் டிரில், 4 அங்குல கிரைண்டர், ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸர் ஆகியவை இருக்கின்றன. எண்ணிப் பார்த்ததில் ஒரு பக்கத்திலேயே அறுபதுக்கும் மேற்பட்ட வெல்டுகள் உள்ளன. எதை வாங்குவது சரியாக இருக்கும்?

தகட்டுவேலை:

தம்பி, நான் முப்பது ஆண்டுகளாக டிங்கரிங் பட்டறை நடத்தி வருகிறேன். உங்கள் மூன்று ஓட்டைகளுக்கும் கைத்தவறு காரணமன்று. பிட்டின் வடிவமே காரணம். சாதாரண பிட்டின் முனை 118 பாகைக் கூம்பு. 8 மி.மீ. பிட்டில் அந்தக் கூம்பின் உயரம் மட்டுமே ஏறத்தாழ 2.4 மி.மீ. வரும். நீங்கள் சொல்லும் தகடு 0.9 மி.மீ. தடிமன் என்றால், இரண்டு தகடுகளும் சேர்ந்து 1.8 மி.மீ. தான். மேல்தகட்டில் முழு 8 மி.மீ. வட்டம் வெட்டப்படுவதற்கு முன்பே முனை கீழ்த்தகட்டைக் கடந்திருக்கும். எவ்வளவு நிதானமாக அழுத்தினாலும் அந்தப் பிட் அப்படித்தான் செய்யும்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது, முனை தட்டையான 8 மி.மீ. கோபால்ட் பிட். அதன் நடுவில் சிறு கூர் மட்டும் இருக்கும். வெட்டும் விளிம்பு முழுவதும் ஒரே மட்டத்தில் இறங்கும். இந்தத் தடிமனுள்ள தகட்டில் வெல்டின் உட்கரு (இரு தகடுகளும் உருகி ஒன்றான நடுப்பகுதி) பொதுவாக 5 மி.மீ. அளவில் இருக்குமாதலால், 8 மி.மீ. வட்டம் அதை முழுவதும் அடக்கிவிடும். வெல்டு போட்டவுடன் சட்டெனக் குளிர்ந்துவிடுவதால் அந்த இடம் சுற்றியுள்ள தகட்டைவிடக் கடினமாக இருக்கும். நடுவைச் சரியாகப் பிடிக்காத பிட் மென்மையான பக்கம் நழுவி ஓடுவதும் அதனால்தான். சென்டர் பஞ்சால் நடுவில் நன்றாக ஓர் அடி அடித்துவிட்டே தொடங்குங்கள்.

பிட்டைவிட முக்கியமானது வேகம். 10 மி.மீ. சிறிய மின் டிரில்கள் பலவும் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஓடக்கூடியவை. அந்த வேகத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிட்டும் சில வெல்டுகளிலேயே முனை கருகிப் போகும். 8 மி.மீ. பிட்டுக்கு மென்தகட்டிலேயே 1,000 சுற்று போதும். வெல்டுக்கு 600 முதல் 800 வரை வைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, கையின் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். வெட்டி வரும் இரும்புச் சுருள் நீலமாக வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். உங்கள் டிரில்லில் வேகத்தைக் குறைக்க வழியில்லையென்றால், இரண்டு கியர் உள்ள ஒரு டிரில்லுக்கு முதலில் செலவு செய்யுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணால் பார்த்தே அறியலாம். மேல்தகடு அறுந்து முடியும் தறுவாயில் துளையின் அடியில் மெல்லிய கருப்பு வளையம் ஒன்று தெரியும். இரண்டு தகடுகளுக்கும் இடையில் அத்தனை ஆண்டுகளாக அடைந்திருந்த துருத்தூள் பழுப்பாக வெளியே வரும். அங்கே கையை எடுத்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் பிடிப்பு, மெல்லிய உளியை இடையில் செருகி ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும்.

வெல்டு இருக்கும் இடமே தெரியாவிட்டால் டிரில்லை எடுக்காதீர்கள். பெயிண்டையும் பட்டியையும் கம்பி பிரஷ்ஷால் நீக்கி, மார்க்கரால் விளிம்பு முழுவதும் மை பூசி, மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் நீளவாட்டில் தேயுங்கள். மேடான இடங்களில் மை அழிந்து, வெல்டுக் குழிகளில் மட்டும் வட்டமாக நிற்கும்.

வைகைக்கரை:

பெரியவர் சொன்னவற்றில் வேகத்தைப் பற்றிய கருத்தை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் கிரீட வடிவக் கட்டரை அவர் குறிப்பிடாமலே விட்டதில் எனக்கு உடன்பாடில்லை. என் அம்பாசடரின் பின்சக்கர வளைவை முழுவதும் அந்தக் கட்டரால்தான் பிரித்தேன். அது உட்கருவைத் தொடாமல் அதைச் சுற்றி மேல்தகட்டை மட்டும் வளையமாக அறுக்கிறது. கடினமான பகுதியோடு மோதுவதில்லை. பல கட்டர்களில் பல் மழுங்கிய பின் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பயன்படுத்த முடிகிறது.

அதற்குரிய குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டிரில் சற்றே சாய்ந்தாலும் ஒரு பல் உடையும். ஒன்று உடைந்தபின் மற்றவையும் தொடர்ந்து உடைகின்றன. தனியாக ஊசித்துளை போட்டுத் தொடங்குவதாயின் 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. துளை பெரிதானால் கட்டர் ஆடும். மேலும், அறுத்து முடித்த பிறகு மேல்தகட்டின் வட்டத் துண்டு கீழ்த்தகட்டிலேயே பொத்தான் போல ஒட்டிக்கொண்டு நிற்கும். அத்தனையையும் கிரைண்டரில் மாட்டும் ஃபிளாப் டிஸ்க்கால் (உப்புத்தாள் மடிப்புகள் கொண்ட வட்டு) தேய்த்துச் சமன் செய்ய வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு வெட்டுவதற்கு ஆன நேரத்தில் பாதியாவது பிடிக்கும்.

தகட்டுவேலை:

வைகைக்கரை சொல்வது நியாயமானதே. சக்கர வளைவு போல, டிரில்லை நேராக நிறுத்த இடமுள்ள பகுதிகளில் அந்தக் கட்டர் நல்ல வேலை செய்யும். சில் பேனலின் கீழ்விளிம்பில் தரையில் படுத்துக்கொண்டு மேல்நோக்கித் துளைக்கும்போது யாராலும் சாயாமல் பிடிக்க முடியாது என்பதால்தான் அதைத் தம்பிக்குச் சொல்லவில்லை. காற்றுக் கவ்வி டிரில் அந்தக் கீழ்விளிம்புக்கென்றே செய்தது போன்ற கருவி. ஆழத்தை நிர்ணயித்துவிட்டால் மேல்தகட்டோடு நின்றுவிடும். ஆனால் ஒரே ஒரு காருக்காக அதை வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. தெரிந்த பட்டறையில் ஒரு நாள் வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்:

இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். கதவுத் தூணின் அடியில் டிரில் நுழையாத மூலைகள் வரும். அங்கே 10 மி.மீ. அகலப் பட்டை ஓடும் பெல்ட் சாண்டர் தவிர வேறு எதுவும் உதவாது. காற்றில் இயங்கும் வகையை வாங்க வேண்டாம். உங்கள் ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸரால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. மின்சாரத்தில் ஓடும் வகையே போதும்.

அடுத்தது, இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். சில் பேனல்தான் நடுப்பகுதியைத் தாங்கி நிற்கிறது. ஒரு வெல்டையேனும் எடுப்பதற்கு முன், கதவு வாயிலுக்குள் குறுக்காக இரும்புக் குழாயை வைத்துப் பற்றவைத்து, மூலைவிட்ட அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்க்கும் பேட்டரியும் வண்டியில் இருக்கவே கூடாது. கண்ணாடி அணியாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். கண்ணில் இரும்புத்தூள் பாய்ந்து மருத்துவமனைக்குப் போனவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

கோவை_பத்மினி:

அனைவருக்கும் என் நன்றி. குழாய்களை வைத்துப் பற்றவைத்த பிறகு, இரண்டு கியர் டிரில்லிலும் தட்டை முனைப் பிட்டிலுமாக நேற்று மேல்விளிம்பைத் தொடங்கினேன். முதலில் பேனலின் நடுப்பகுதியைக் கிரைண்டரால் வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பில் ஓர் அங்குலப் பட்டையை மட்டும் விட்டுவைத்தேன். அதனால் வெல்டு விட்டவுடன் அந்தப் பட்டையைக் குறடால் சுருட்டி இழுக்க முடிந்தது. இருபத்திரண்டு வெல்டுகளில் ஒன்றுகூட மறுபுறம் போகவில்லை. ஐயா சொன்ன கருப்பு வளையம் ஒவ்வொன்றிலும் தெளிவாகத் தெரிந்தது. முதலில் போட்ட அந்த மூன்று ஓட்டைகளை என்ன செய்வது?

தகட்டுவேலை:

அவற்றுக்காகத் தகட்டை மாற்ற வேண்டியதில்லை. துளையின் பின்பக்கம் ஒரு தடித்த செம்புத் தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 0.8 மி.மீ. கம்பியில் CO2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) வெல்டால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றி நிரப்புங்கள். செம்பில் வெல்டு ஒட்டாது. நிரப்பியதைச் சமமாகத் தேய்த்த பின், இரு தகடுகளும் சேரும் முகங்களில் துத்தநாக வெல்டிங் பிரைமரைப் பூசுங்கள். புதிய பேனலின் விளிம்பில் 8 மி.மீ. துளைகளைப் பழைய வெல்டுகள் இருந்த இடைவெளியிலேயே போட்டு, அவற்றின் வழியாக பிளக் வெல்டு வைக்கலாம். வைக்கும் இடத்தில் மட்டும் பிரைமரைச் சுரண்டிவிடுங்கள். கீழ்விளிம்பைப் பிரித்ததும் உட்தகட்டின் படத்தைப் போடுங்கள். துரு அங்கே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே பேனலை வளைக்கக் கொடுப்பது நல்லது.