புதுப்பிப்பு: தேர்வுக்கு முன் திருப்பிப் படிப்பது
மருத்துவத் தேர்வுக்குப் படித்ததை எப்படித் திருப்பிப் பார்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி, அதுதான் கைகொடுக்கிறது.

கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிராக்கியல் பிளெக்ஸஸை, சி5 முதல் டி1 வரையுள்ள தண்டுவட நரம்பு வேர்களோடு வெற்றுத்தாளில் வரைந்து, ஒவ்வொரு கிளையிலும் "இது அடிபட்டால் கையில் என்ன தெரியும்?" என்று கேட்டுக்கொள்கிறேன். ரேடியல் நரம்பு என்றால் மணிக்கட்டு தொங்கிவிடும்; அல்நார் நரம்பு என்றால் கடைசி இரண்டு விரல்கள் மடங்கி நிற்கும். தடுமாறிய கிளைகளை மட்டும் மறுநாளும், அப்புறம் ஒரு வாரம் கழித்தும் வரைகிறேன்.

2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்விலும் இதைத்தான் பார்க்கிறோம். ஐந்தே நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள்.

மருந்தியலுக்கு ஃபிளாஷ் கார்டு போதும். சரி, அடுத்தது கபால நரம்புகள். நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.