கலைச்சொல் உதவி: விண்பயண அட்டவணையில் 'ஆளில்லா' போதுமா?

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். விண்வெளிப் பயணங்களின் காலவரிசை அட்டவணை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1957 ஸ்புட்னிக்கில் தொடங்கி ஏகப்பட்ட வரிசைகள். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு பத்தித் தலைப்புதான் பாக்கி. ஆள் போன பயணம், ஆள் போகாத பயணம் என்பதற்கு ஆங்கிலத்தில் முன்பு 'மேன்ட்', 'அன்மேன்ட்' என்று எழுதியதை இப்போது 'க்ரூட்', 'அன்க்ரூட்' (க்ரூ என்றால் கலத்தின் பணிக்குழு) என்று மாற்றிக்கொண்டார்கள், நாசாவும் அப்படித்தான் எழுதுகிறது. நான் 'ஆளுள்ள', 'ஆளில்லா' என்று போட்டிருந்தேன். பிழை பார்ப்பவர் அதை அடித்துவிட்டு 'குழுவுள்ள', 'குழுவற்ற' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். ஏற்கலாமா?

இயற்பியல் ஆசிரியர்:

வேண்டவே வேண்டாம். 1961 ஏப்ரல் 12 அன்று ககாரின் தன்னந்தனியாகப் போனார். அவர் போன சோவியத்தின் வஸ்தோக் கல வரிசையில் ஆள் போன ஆறு பயணமும் அப்படித்தான், அமெரிக்காவின் மெர்க்குரிக் கலத்திலும் ஓர் இருக்கைதான். ஒற்றை ஆளைக் குழு என்று யார் சொல்வார்கள்? அதைவிட முக்கியம், ஆங்கிலத்தில் மாற்றியதற்குக் காரணம் அந்தப் பழைய சொல்லில் 'மேன்' என்று ஆண் ஒளிந்திருந்தது. நம்முடைய 'ஆள்' பொதுப்பால். 1963இல் போன முதல் பெண் தெரஷ்கோவாவும் ஆள்தான். அவர்களுக்கு வந்த நோய்க்கு நாம் ஏன் மருந்து குடிக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தம்பி, இரண்டாயிரம் ஆண்டாகச் சொல் கையிலேயே இருக்க, ஆள், குழு என்று தெருவில் தேடுகிறீர்கள். புறநானூறு 27, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது: 'விசும்பின் வலவன் ஏவா வான ஊர்தி'. ஓட்டுபவன் இல்லாத வான ஊர்தி! இதைவிடத் துல்லியமாக எவன் சொல்லப் போகிறான்? ஒன்று 'வலவன் ஏவு ஊர்தி', மற்றது 'வலவன் ஏவா ஊர்தி'. வலவன் என்றால் தேர்ப்பாகன், வல் என்ற வேரிலிருந்து வருவது, திறன் உடையவன் என்று பொருள். பாகன் வலப்பக்கம் அமர்ந்ததால் வலவன் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. வலம், வலிமை, வல்லுநர், வன்மை எல்லாம் ஒரே குடும்பம், இது பற்றித் தனி மடலே எழுதலாம்.

இயற்பியல் ஆசிரியர்:

ஐயா, பாட்டின் மேல் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது. அந்த வரியில் 'ஏவு' என்பது ஓட்டுவது, இன்று ராக்கெட்டை ஏவுகிறோம் என்றால் கிளப்பி அனுப்புவது. 'ஏவா ஊர்தி' என்று படிக்கிற பிள்ளை, ஏவப்படாமல் தளத்திலேயே நிற்கிற ஊர்தி என்றுதான் நினைக்கும். இரண்டாவது, சாத்தனாரின் ஊர்தியில் பாகன்தான் இல்லை, பயணி இருக்கிறார். ககாரினின் கலமும் தானாக ஓடியதுதான். எடையற்ற நிலையில் மனம் தடுமாறிவிடுமோ என்று பயந்து கைக்கட்டுப்பாட்டைப் பூட்டிவைத்து, தேவைப்பட்டால் திறக்க 125 என்ற எண்ணை உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைத் தொட வேண்டியே வரவில்லை. உங்கள் கணக்கில் முதல் மனிதரின் பயணமே 'வலவன் ஏவா' பத்தியில் போய் விழும். அதே ஆண்டு ஜனவரியில் போன சிம்பன்சி ஹாம், விளக்கு எரிந்தால் நெம்புகோலை இழுக்கப் பழகியது, மேலே போயும் இழுத்தது. அப்படியானால் அதுதான் வலவன். மூன்றாவது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அந்த ஊர்தி போவது இறந்த புகழாளர்களை ஏற்றிக்கொண்டு. உயிரோடு திரும்ப வேண்டியவர்களை அதில் ஏற்றாதீர்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

மங்கலம் அமங்கலம் பார்ப்பது அறிவியல் ஆசிரியருக்கு அழகா? சரி, வலவன் வேண்டாம் என்றால் மீகாமன் இருக்கிறான். கலம் என்று சொல்லிவிட்ட பிறகு அதைச் செலுத்துபவன் மீகாமன்தானே. மாலுமி என்று எழுதிவிடாதீர்கள், அது அரபு வழி வந்த சொல் என்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, வெள்ளிக்கிழமை. மீகாமனை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். எனக்குச் சொல்லைவிட வரிசைகள்தான் தலைவலி. 1988 நவம்பர் 15, சோவியத்தின் புரான்: ஆட்களுக்காகவே கட்டிய விண்ணோடம், ஆனால் காலியாகப் போய் இரண்டு சுற்று சுற்றித் தானே தரையிறங்கியது. அதற்கு நேர்மாறு 1981 அமெரிக்க விண்ணோடம் கொலம்பியா, சுற்றுப்பாதைக்குப் போன முதல் தடவையே இரண்டு பேரோடு. அப்புறம் ரஷ்யக் கலம் சோயுஸ் எம்எஸ்-22: 2022 செப்டம்பரில் மூன்று பேரோடு போனது, டிசம்பரில் குளிர்விப்பு நீர்மம் கசிந்தது, 2023 மார்ச்சில் ஆளில்லாமல் திரும்பியது. மாற்றாக ஆளில்லாமல் போன எம்எஸ்-23தான் அந்த மூவரையும் அழைத்துவந்தது. 2024இல் போயிங்கின் ஸ்டார்லைனர் கலமும் வில்மோரையும் சுனிதா வில்லியம்ஸையும் விண்வெளி நிலையத்தில் இறக்கிவிட்டுத் தனியாக வந்தது. இவற்றை எந்தப் பத்தியில் போட?

அகராதிப் பணியில் இருப்பவர்:

நீங்கள் கலத்தையும் பயணத்தையும் ஒரே சொல்லில் கட்டப் பார்க்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். கலத்துக்கு ஆளை ஏற்றும் தகுதி உண்டா என்பது ஒரு கேள்வி, இந்தத் தடவை ஆள் ஏறினார்களா என்பது வேறு கேள்வி. தமிழில் இதைப் பிரிக்க வழி இருக்கிறது. கலத்துக்கு வினைத்தொகை வையுங்கள்: 'ஆளேறு கலம்'. காலம் கரந்த பெயரெச்சம் அல்லவா? நேற்று ஏறியது, இன்று ஏறுவது, நாளை ஏறப்போவது மூன்றும் அடங்கும். பயணம் நடந்து முடிந்த செய்தி, அதற்குக் காலம் காட்ட வேண்டும்: 'ஆளேறிய பயணம்', 'ஆளேறாப் பயணம்'. புரான் ஆளேறு கலத்தின் ஆளேறாப் பயணம். சரக்கு மட்டும் கொண்டுபோன ப்ரோக்ரஸ் 'ஆளேறாக் கலம்'. ஒற்று மிகும், மறந்துவிடாதீர்கள், ஆளேறு கலத்தில் மிகாது.

நாளிதழ் உதவி ஆசிரியர்:

அழகாக இருக்கிறது அம்மா, ஆனால் அச்சில் ஓரெழுத்து மாறினால் உள்ளே இருப்பவர்கள் காணாமல் போய்விடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒற்றுப்பிழை திருத்தவே ஆள் இல்லை. 'ஆளில்லா விமானம்' என்று எழுதி எழுதி வாசகருக்குப் பழகிவிட்டது, அதை ஏன் கலைக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

'ஆளேறு' என்று தனியே படித்துப் பாருங்கள். ஆனேறு, அரியேறு, போரேறு! ஏறு என்றால் விலங்கின் ஆண். ஆணை நீக்கத்தானே ஆங்கிலத்தில் சொல்லை மாற்றினார்கள் என்றீர்கள், இங்கே கொம்போடு வந்து நிற்கிறது.

அகராதிப் பணியில் இருப்பவர்:

ஐயா, 'ஏறு கலம்' என்று பிரிக்க வேண்டியதை 'ஆள் ஏறு' என்று பிரித்துவிட்டுப் பழி சொல்லாதீர்கள்! படியேறும்போதும் கொம்பு தெரிகிறதா?

இயற்பியல் ஆசிரியர்:

எனக்கு ஆளேறு பிடித்திருக்கிறது, ஒரு சந்தேகம் மட்டும். விண்வெளி நிலையங்களை என்ன செய்வது? 1973 மே 14 அன்று ஸ்கைலேபை ஆளில்லாமல் ஏவினார்கள், முதல் மூவர் மே 25 அன்றுதான் புறப்பட்டார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் முதல் பகுதி 1998 நவம்பரில் போனது, தங்க ஆள் வந்தது 2000 நவம்பரில். நிலையத்துக்கு 'ஆளுறை' என்று வைக்கலாமா? உறைதல், தங்குதல்.

நாளிதழ் உதவி ஆசிரியர்:

ஆளுறை என்றால் ஆளைப் போட்டு மூடும் உறை என்று படிப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். ஆளில்லாவை அப்படியே விடு என்பவர்கள் கூடுதல், ஆளேறாவுக்கு இருவர், வலவனுக்கு ஒருவர். இப்போதைக்கு ஒரு பத்தியை இரண்டாக உடைத்துவிட்டேன்: 'புறப்பாடு', 'திரும்புதல்'. ஒவ்வொன்றிலும் 'ஆளுடன்' அல்லது 'ஆளின்றி'. திரும்பாதவற்றுக்கு இரண்டாவது கட்டத்தில் கோடு. சோயுஸ் சிக்கல் அதில் தீர்ந்தது, புரானும் அடங்கிவிட்டது. ஸ்புட்னிக்-2 'ஆளின்றி'தான், ஆனால் குறிப்பில் 'லைக்கா என்ற நாயுடன்' என்று சேர்த்திருக்கிறேன், வெறுங்கலம் என்று நினைத்துவிடக் கூடாதே. கலத்தின் வகைக்கு இந்தப் பதிப்பில் பத்தியே வைக்கவில்லை.

அகராதிப் பணியில் இருப்பவர்:

அட்டவணைக்குச் சரி. ஆனால் 'ஆளுடன்', 'ஆளின்றி' கலைச்சொல் இல்லை, வேற்றுமை உருபையும் வினையெச்சத்தையும் வைத்துத் தப்பித்திருக்கிறீர்கள். கட்டுரையில் கலத்தின் வகையைச் சொல்ல வரும்போது இதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். என் சொல்லடைவில் ஆளேறு கலம்தான் போகும்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

என் மறுப்பையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள் அம்மா. வலவன் பற்றிய மடல் இரவு வரும், சற்று நீளம்.