தேயிலை விலை குறைந்த பிறகும் பாஸ்டனில் ஏன் கடலில் கொட்டினார்கள்?

தேர்வுக்காலம்:
போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பிரிட்டன் தேயிலை வரியை ஏற்றியதால், அதன் ஆட்சியில் இருந்த அமெரிக்கர்கள் கொதித்தெழுந்து பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்றுதான் என் நோட்டில் இருக்கிறது. ஆனால் 1773 தேயிலைச் சட்டத்தால் விலை குறையத்தான் செய்தது என்று நேற்று படித்தேன். விலை குறைந்ததற்கா சண்டை?

கடைசிபெஞ்ச்:
கடத்தல்காரர்கள் தூண்டிவிட்டதுதான். டச்சுச் சரக்கைத் திருட்டுத்தனமாக இறக்கி விற்றவர்களுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனி தேயிலை மலிவாக வந்தால் பிழைப்பு போச்சு. மற்றதெல்லாம் மேல்பூச்சு.

பழையவாத்தியார்:
கடைசிபெஞ்ச் சொல்வதில் பாதி சரி. கடத்தல் வியாபாரிகளுக்கு வயிறு எரிந்தது நிஜம்.

நானும் வரி கூடியதென்றே வருஷக்கணக்கில் பாடம் நடத்தியவன். ஒருநாள் ஒரு பையன், "அந்த வரிப்பணம் யாருக்குப் போச்சு சார்?" என்றான். பதில் தெரியாமல் மணி அடிக்கும்வரை சமாளித்தேன். அப்புறம் தேடினால், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸின் கவர்னருக்குச் சம்பளம் ஒதுக்கியது அங்குள்ள சட்டசபை. அவர் முரண்டு பிடித்தால் சம்பளத்தை இழுத்தடிக்கலாம். ஊர்க்காரர்கள் கையிலிருந்த கடிவாளம் அது. 1767இல் லண்டன் பார்லிமெண்ட் போட்ட டவுன்ஷெண்ட் சட்டம் கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம், தேயிலை மீது வரி போட்டு, அந்தப் பணத்திலேயே கவர்னருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் தர வழி செய்தது. 1770இல் மற்ற வரிகளை எடுத்துவிட்டுத் தேயிலைக்கு மட்டும், ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ், விட்டுவைத்தார்கள். 1772இல் கவர்னர் தாமஸ் ஹட்சின்சன், தன் சம்பளம் இனி மன்னரிடமிருந்து வரும் என்று சபையிடம் சொல்லிவிட்டார். கம்பெனித் தேயிலையை விற்கும் உரிமை பெற்றவர்களில் அவர் மகன்களும் உண்டு!

சரக்கு இறங்கினால் வரி கட்டியாக வேண்டும். கப்பலைத் திருப்பி அனுப்பவும் கவர்னர் விடவில்லை. அதனால்தான் 1773 டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகளையும் உடைத்துக் கொட்டினார்கள். (அது சீனத் தேயிலை, நம் நீலகிரி அஸ்ஸாம் கணக்கெல்லாம் பின்னால் வந்தது.) கோட்டுக்குள் தேயிலையைத் திணித்துக்கொண்ட ஆளைப் பிடித்து விரட்டியிருக்கிறார்கள். உடைந்த பூட்டு ஒன்றுக்குப் பதில் புதுப் பூட்டு வாங்கித் தந்தார்கள். வெறும் கொள்ளையாக இருந்தால் இதெல்லாம் எதற்கு?

தேர்வுக்காலம்:
அப்படியென்றால் புரட்சி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டதா சார்?

பழையவாத்தியார்:
இல்லை தம்பி. கொட்டியது தப்பு, நஷ்டத்தைக் கட்டிவிடலாம் என்று அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினே சொன்னார். லண்டன் கொடுத்த தண்டனைதான் எல்லாரையும் ஒரு பக்கம் தள்ளியது. 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகம் மூடல். ஊர்க்கூட்டம் வருஷத்துக்கு ஒன்று, அதற்கு மேல் கூட கவர்னர் அனுமதி வேண்டும். மேல்சபையை இனி மன்னரே நியமிப்பார்.

துறைமுகத்தைக் கண்ணால் பார்க்காத விவசாயிகளுக்கும் இது சுட்டது. செப்டம்பரில் அதே மாசசூசெட்ஸின் வுஸ்டர் ஊரில் சுமார் 4,600 பேர் தெருவின் இருபுறமும் வரிசையாக நின்றார்கள். நீதிபதிகளும் கோர்ட் அதிகாரிகளும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நடுவில் நடந்து, பதவியை விடுகிறோம் என்று முப்பது தடவைக்கு மேல் வாசிக்க வேண்டியிருந்தது. புரட்சிப் போர் தொடங்கிய லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது அதற்கு ஏழு மாதம் கழித்து.

கடைசிபெஞ்ச்:
அந்தப் பூட்டு விஷயம் எனக்குத் தெரியாது. மேல்பூச்சு என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கடத்தல்காரர்களை மட்டும் விட மாட்டேன்.

தேர்வுக்காலம்:
தேர்வில் "வரி உயர்வு" என்று ஆப்ஷன் வந்தால் என்ன செய்வது சார்?

பழையவாத்தியார்:
"பிரதிநிதித்துவம் இல்லாத வரி", அதாவது தங்கள் பிரதிநிதிகள் இல்லாத லண்டன் பார்லிமெண்ட் போட்ட வரி, பக்கத்திலேயே இருக்கும். அதை டிக் அடியுங்கள்.