குடியை நிறுத்த எங்கே சேர்ப்பது: பூட்டி வைக்கும் மையமா, அரசு ஆஸ்பத்திரியா?

பனியன்நகர் பானு:
திருப்பூர். தம்பிக்கு 34 வயது, கட்டிங் மாஸ்டர். காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் சரக்கு உள்ளே போகாவிட்டால் கை நடுங்குகிறது, கத்தரியைப் பிடிக்க முடியவில்லை என்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். தம்பி மனைவி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் பேசினோம். மாதம் 18,000, மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், அவர்களே வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்களாம், முதல் 45 நாள் யாரும் பார்க்கக் கூடாதாம், 90 சதவீதம் கேரண்டி என்கிறார்கள். அப்பா சரி என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே பார்க்கிறார்களே என்கிறார். கூகுளில் தேடினால் மேலே வருவதெல்லாம் விளம்பரம், கீழே பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். எதை வைத்து ஒப்பிடுவது?

காவிரிக்கரை:
தங்கச்சி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அங்கே ஆளைச் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். என் அண்ணனைச் சேர்த்தோம். கூடவே ஒரு ஆள் ராத்திரி பகலாக இருக்க வேண்டும் என்றார்கள், இருப்பது அண்ணியும் நானும்தான், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் கண்ணசந்த நேரத்தில் 'டீ குடிச்சிட்டு வரேன்' என்று இறங்கிப் போன மனிதர் எதிர்ச் சந்தில் இருந்த கடையில் ஏற்றிக்கொண்டு வந்து பெட்டில் படுத்துவிட்டார். அப்புறம் மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு தனியார் மையத்தில்தான் போட்டோம். ராத்திரி நாலு பேர் வந்து தூக்கினார்கள், கத்தினார், மண்ணை வாரித் தூற்றினார், அம்மா மயங்கியே விழுந்துவிட்டார். இன்றைக்கு அதே அண்ணன் சொந்தமாக டாடா ஏஸ் ஓட்டுகிறார். கேரண்டி என்பது பொய், அதை எவனும் தர முடியாது, விடுங்கள். ஆனால் கடையிலிருந்து ஆளைப் பிரித்து வைக்க வேண்டும், அதற்குப் பூட்டு வேண்டும்.

நைட் டூட்டி:
நான் மனநல வார்டில் நர்ஸ், வாங்குவது அரசுச் சம்பளம், ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். பானு எழுதியதில் எனக்கு உறுத்துவது பணமோ பூட்டோ இல்லை, காலையில் கை நடுங்குகிறது என்றாரே, அதுதான். அப்படிப்பட்ட ஆள் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாள் வரைக்கும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வேர்த்துக் கொட்டும், நாள் கிழமை மறந்துவிடும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். எங்கள் வார்டில் ஒரு டெய்லர் ராத்திரி முழுக்க வெறும் விரலால் காற்றில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார், காஜா முடியவில்லை, லோடு கிளம்பிவிடும், லைட்டைப் போடு என்று என்னைத் திட்டினார். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். பூட்டிய அறையில் இதை யார் பார்ப்பது, கூடப் படுத்திருக்கும் இன்னொரு நோயாளியா?

குளோர்டயசெபாக்சைடு, லோரசெபாம் மாதிரி மாத்திரையை அளவு பார்த்துக் கொடுத்து நாளுக்கு நாள் குறைக்க வேண்டும், ஈரல் கெட்டிருந்தால் மாத்திரையே மாறும். பி1 வைட்டமின் ஊசி போட வேண்டும், அதை விட்டுவிட்டு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கும் ஆபத்து உண்டு. அதனால் போன் போட்டால் ரூம் ஏசியா, கறி போடுவார்களா என்று விசாரிக்காமல், ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், அங்கேயே தங்கும் நர்ஸ் உண்டா, மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாள் வருவார் என்று கேளுங்கள். 'டாக்டர் கூப்பிட்டா வருவார்மா' என்றால் அந்த இடம் வேண்டாம்.

உடுமலை வக்கீல்:
வண்டி விஷயத்துக்கு வருகிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகிறது. ஆகவே இந்த மாதிரி மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விருப்பமில்லாதவரைச் சேர்க்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 89-ஆம் பிரிவு இருக்கிறது. தனக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து செய்யும் நிலையில் இருக்கிறார், அல்லது தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்று ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ, தனித்தனியாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும், சேர்த்தால் 30 நாள் வரை வைக்கலாம், அதற்கு மேல் மறுபடி பரிசோதனை, இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி. ஒரு டாக்டரும் பார்க்காமல் நாலு தடியர்கள் வந்து தூக்கிப் போவதற்கு இதில் இடமே கிடையாது.

மொட்டை அடிப்பது, சீருடையைக் கட்டாயமாக மாட்டிவிடுவது, கூலி கொடுக்காமல் கட்டாய வேலை வாங்குவது இதெல்லாம் 20-ஆம் பிரிவுப்படி தப்பு. நேரில் போனால் சுவரைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழும், மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். உரிமையாளர் யாரோ பிரமுகருக்குச் சால்வை போடும் போட்டோ மட்டும் மாட்டியிருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். 2022-இல் சென்னையில் ஒரு தனியார் மையத்தில் சேர்த்தவரை அடித்துக் கொன்றதாக ஊழியர்கள் கைதானது பேப்பரில் வந்ததுதானே.

காவிரிக்கரை:
வக்கீல் சார், ராத்திரி ஒரு மணிக்கு அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவரிடம் 89-ஆம் பிரிவைப் படித்துக் காட்டவா? போலீசைக் கூப்பிட்டால் 'குடும்பச் சண்டை, காலையில பேசிக்கோங்க' என்கிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டுமாம், எங்கள் தாலுகாவில் மனநல மருத்துவர் ஒருவர்கூட இல்லை. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஆய்விலேயே இருக்கிறது, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைத்தது என்கிறார், ஆஸ்பத்திரியில் தங்கிப் பார்த்துக்கொண்டவர் 180 பேருக்கு ஒருவர். மிச்சம் இருக்கிறவர்களின் வீட்டில் என்ன செய்வார்கள்? 2003-லிருந்து தெருவுக்குத் தெரு சில்லறை மதுக்கடையை அரசே நடத்துகிறது, தெளிய வைக்க மட்டும் நாம் சட்டப் புத்தகத்தோடு அலைய வேண்டுமா? மோசமான மையங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. பட்டினி கிடக்கிறவனிடம் ஓட்டலுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது மாதிரி இருக்கிறது உங்கள் பேச்சு.

உடுமலை வக்கீல்:
ஆபத்தான நேரம் என்றால் 94-ஆம் பிரிவு இருக்கிறது அண்ணா, பதிவு பெற்ற எந்த மருத்துவரும், மனநல மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், அந்த வழி சட்டத்துக்குள் இருக்கிறது. போலீஸ் வர மாட்டேன் என்கிறது என்பதற்காக யாரென்றே தெரியாத நாலு பேரிடம் அண்ணனை ஒப்படைப்பீர்களா?

தெளிந்தவன்:
நான் இரண்டு மாதிரி இடத்திலும் படுத்து எழுந்தவன், அதனால் இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. பூட்டி வைத்த இடத்தில் வீட்டுக்கு போன் பேச விடுவார்கள், ஸ்பீக்கரைப் போட்டு வார்டன் பக்கத்திலேயே நிற்பான், 'நல்லா இருக்கேம்மா' என்பதைத் தவிர ஒரு வார்த்தை வாயில் வராது. காலையில் நூறு பேருக்குச் சப்பாத்தி தேய்க்கச் சொல்வார்கள், அதற்குப் பெயர் தெரபி. அங்கே நான் ஒரு சொட்டு குடிக்கவில்லை என்பது உண்மைதான், வெளியே விட்ட அன்று பஸ் ஸ்டாண்டிலேயே குடித்தேன், அப்பாவைப் பழிவாங்குவதாக நினைத்துக்கொண்டு. காவிரி அண்ணா, உங்கள் அண்ணன் பிழைத்தார், சந்தோஷம். அவரோடு அந்த ஹாலில் படுத்திருந்த மற்றவர்கள் இப்போது எங்கே என்று அவரிடமே ஒரு தடவை கேளுங்கள்.

நைட் டூட்டி சிஸ்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அரசு வார்டில் நடுக்கம் நின்றது, வலிப்பு வராமல் பார்த்துக்கொண்டீர்கள், அதற்கு மேல் என்னோடு உட்கார்ந்து பேச அங்கே ஆள் இல்லை. ரவுண்ட்ஸில் வரும் டாக்டர் 'தூக்கம் வருதா, பசிக்குதா' என்று கேட்பார், போய்விடுவார். ஆகவே நான் இடத்தை ஒப்பிடுவது வேறு மாதிரி: டிஸ்சார்ஜ் ஆன பிறகு என்ன வைத்திருக்கிறார்கள்? எத்தனை மாதம் கூப்பிட்டு விசாரிப்பார்கள், மறுபடி குடித்துவிட்டு வந்தால் முகம் கொடுப்பார்களா, துரத்துவார்களா? அப்புறம், மனைவியை, அம்மாவை உட்கார வைத்துப் பேசுவார்களா? சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாருக்கென்றே தனியாக வகுப்பு உண்டு. அந்தப் பழக்கம் இருக்கும் இடம் எதுவானாலும் எனக்கு மரியாதை. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் பல ஊர்களில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது, குடிக்கிறவரின் வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம். பானு அக்கா, தம்பி வருகிறானோ இல்லையோ, நீங்கள் போகலாம்.

காவிரிக்கரை:
கூட்டத்துக்கு வருகிறவன் ஏற்கெனவே பாதி திருந்தியவன் தம்பி. வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவனைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அதற்கு இங்கே ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

சின்னாளப்பட்டி மருமகள்:
ஏன் இவ்வளவு சண்டை? அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற மாத்திரை இருக்கிறதே. எங்கள் மாமியார் தயிர் சாதத்தில் பொடித்துப் போட்டார், குடித்தவுடன் வாந்தி, முகமெல்லாம் சிவந்து மூச்சு வாங்கியது, பயந்துபோய் கொஞ்ச நாள் தொடவே இல்லை. மெடிக்கலில் தெரிந்தவர் என்றால் கொடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு 54,000 எங்கே, ஒரு அட்டை மாத்திரை எங்கே?

நைட் டூட்டி:
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அது டைசல்ஃபிராம். ஈரல், இதயம் எல்லாம் சோதித்து, சாப்பிடுகிறவர் 'தெரியும், குடித்தால் இப்படி ஆகும்' என்று ஒப்புக்கொண்ட பிறகு கொடுக்கும் மருந்து. தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டரை ஊற்றிக்கொண்டால் ரத்த அழுத்தம் விழுந்து செத்தே போகலாம். உங்கள் வீட்டில் மூச்சு வாங்கியது அதனால்தான், தப்பித்தது அவர் அதிர்ஷ்டம். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன, எதுவானாலும் டாக்டர் எழுதட்டும்.

தெளிந்தவன் சொன்ன குறை நிஜம், எங்கள் வார்டில் கவுன்சலர் ஒருவர், பெட் எத்தனை என்று சொன்னால் சிரிப்பீர்கள். 2025-இல் 'கலங்கரை' என்று அரசு மருத்துவமனைகளில் 25 இடத்தில் தனி மையங்கள் திறந்திருக்கிறார்கள், அது தவிர மத்திய அரசின் சமூக நீதி அமைச்சக உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்கள் உண்டு, அந்தப் பட்டியல் விளம்பரத்தில் வராது, போதை மீட்பு உதவி எண் 14446-க்கு போன் போட்டு உங்கள் மாவட்டத்தில் எது என்று கேளுங்கள். மனசு விட்டுப் பேச 14416.

காவிரி அண்ணாவின் கேள்விக்கு என் பதில்: குடியை நிறுத்தலாம் வா என்றால் எவனும் வர மாட்டான். கை நடுக்கத்துக்கு, தூக்கம் வராததற்கு, வயிற்று வலிக்கு டாக்டரைப் பார்க்கலாம் வா என்றால் நிறையப் பேர் வருகிறார்கள். அதுவும் காலையில், அன்றைய சரக்கு உள்ளே போகும் முன் பேசிப் பாருங்கள். எங்களிடம் சேர்பவர்களில் பெரும்பாலோர் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

பனியன்நகர் பானு:
எல்லோருக்கும் நன்றி. அந்த மையத்துக்கு மறுபடி பேசினேன். பதிவு எண் கேட்டேன், 'டிரஸ்ட் பதிவு இருக்கு' என்றார், அது இல்லை, மனநல ஆணையத்தின் பதிவு என்றேன், 'அப்ளை பண்ணியிருக்கோம்' என்றார். ராத்திரி நர்ஸ் யார் என்றதற்கு, 'பழைய பேஷண்ட்தான், தெளிஞ்சு நல்லா இருக்கார், ஊசியெல்லாம் போடுவார்' என்கிறார். நேரில் வந்து பார்க்கலாமா என்றேன், 'அட்மிஷன் போட்டுட்டுப் பாருங்க' என்று பதில். அப்பா இன்னமும் முன்பணம் கட்டிவிடலாம் என்றுதான் சொல்கிறார், மூன்று மாதம் வீடு நிம்மதியாக இருக்குமே என்று. அவர் சொல்வதும் புரிகிறது, இந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கி எவ்வளவோ காலம் ஆகிறது. தம்பியிடம் காலையில் பேசினேன், கை நடுக்கத்துக்கு மட்டும் வருகிறேன், ஊசி போட்டால் திரும்பிவிடுவேன் என்றான். வேறு தனியார் ஆஸ்பத்திரி பார்த்தால் மெடிக்கல் இன்சூரன்ஸில் வருமா?

உடுமலை வக்கீல்:
பெரும்பாலும் வராது. மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையைக் காப்பீட்டு நிறுவனங்கள் விதிவிலக்குப் பட்டியலில் வைத்திருக்கின்றன, பாலிசியில் 'விலக்குகள்' பகுதியைப் படித்துவிடுங்கள். பணம் எங்கே கட்டினாலும் ரசீது வாங்குங்கள், மூன்று மாதத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், இடையில் கூட்டிவந்தால் மீதி திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள்.

காவிரிக்கரை:
ஆஸ்பத்திரிக்கு வருகிறான் என்றால் கூட்டிப் போ தங்கச்சி, நான் தடுக்கவில்லை. ஆனால் அவன் கீழே டீ குடிக்க இறங்கினால் நீயும் கூடவே இறங்கு. பர்ஸையும் போனையும் நீயே வைத்துக்கொள், ஜிபே இருந்தால் பர்ஸ் வாங்கி வைத்துப் பிரயோஜனம் இல்லை. அங்கேயும் சரிவராவிட்டால் என் பேச்சு ஞாபகம் வரும்.

நைட் டூட்டி:
பானு, ஓ.பி. சீட்டுக்குக் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், மனநலப் பிரிவு எந்தெந்த நாள் என்று முன்னாலேயே அரசு சுகாதார உதவி எண் 104-இல் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டு, ஸ்கேன் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தான், முன்னால் வலிப்பு வந்திருக்கிறதா என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள், அவன் வாயால் கேட்டால் பாதிதான் சொல்வான். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று இன்றைக்கு ராத்திரியே மொத்தமாக நிறுத்தச் சொல்லி யாரும் மிரட்டாதீர்கள், டாக்டர் பார்க்கும் வரை அது வேண்டாம். நடுவில் வலிப்பு வந்தாலோ பிதற்ற ஆரம்பித்தாலோ ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.