ஏஐ ஏஜென்ட் கொடுக்கும் இன்வாய்ஸ் கூட்டுத்தொகையை ஆடிட்டருக்கு அனுப்பலாமா?

தம்புரா:

கோவையில் நாங்கள் இரண்டே பேர். வெளிநாட்டில் பாட்டு வகுப்பு எடுப்பவர்களுக்கு டைம்டேபிள் மென்பொருள் விற்கிறோம். மாதச் சந்தா 29 டாலர், ஜப்பானில் மட்டும் 4,400 யென். மொத்தம் 140 பேர். பில்லிங் ஸ்ட்ரைப் என்ற ஆன்லைன் பணவசூல் சேவையில்.

இன்வாய்ஸ்களைப் பட்டியலிட எம்சிபி (ஏஐயை வெளி மென்பொருளோடு இணைக்கும் முறை) டூல் ஒன்றை நானே எழுதி ஏஜென்டுடன் இணைத்தேன். "மார்ச் மாத விற்பனை எவ்வளவு?" என்று கேட்டேன். 290 டாலர் என்றது! எங்கள் ஆபீஸ் வாடகைக்கே காணாது. சிரித்துவிட்டு, ஒரு தடவைக்கு எத்தனை இன்வாய்ஸ் என்ற லிமிட்டை 100 ஆக்கினேன். இப்போது 2,990 என்றது. இதுதான் ஆபத்து, பார்த்தால் நிஜம் போலவே இருக்கிறது. அனுப்பப் போகும் நேரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி கேட்டேன். 2,961 என்றது. ஒரே கேள்வி, ஒரே மாதம். போதாக்குறைக்கு ஜப்பான்காரர்கள் எல்லாம் 44 டாலர் கட்டுவதாகக் காட்டுகிறது.

மாடலை மாற்றினால் சரியாகுமா? ஆடிட்டர் தினமும் போன் செய்கிறார்.

நள்ளிரவு டெப்ளாய்:

மாடலை விடுங்கள், உங்கள் டூலைப் பாருங்கள். ஸ்ட்ரைப் பட்டியலில் லிமிட் சொல்லாவிட்டால் 10 வரும், அதிகபட்சம் 100. புதியது முதலில் வரும் என்பதால், அந்த 290 அநேகமாக மாதக் கடைசியில் போட்ட பத்து இன்வாய்ஸ்தான். இன்னும் பாக்கி இருந்தால் 'ஹேஸ் மோர்' என்று ஒரு கொடி வரும். கடைசி இன்வாய்ஸின் ஐடியை 'ஸ்டார்ட்டிங் ஆஃப்டர்' என்பதில் கொடுத்து அடுத்த பக்கத்தைக் கேட்க வேண்டும். இதை ஏஜென்டின் பொறுப்பில் விடாதீர்கள். ஒரு நாள் கேட்கும், இன்னொரு நாள் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு அதே தைரியத்தோடு பதில் சொல்லும். சுற்று முழுவதும் டூலுக்குள்ளேயே ஓடி முடியட்டும்.

கூட்டலும் அப்படித்தான். நூறு வரி எண்ணைக் கையில் கொடுத்துக் கூட்டச் சொன்னால் ஒரு வரி விட்டுப்போகும். 2,990-க்கும் 2,961-க்கும் வித்தியாசம் எவ்வளவு? சரியாக 29. மொத்தத்தை டூலின் புரோகிராம் கோடிலேயே போட்டு, விடையை மட்டும் ஏஜென்டிடம் கொடுங்கள்.

அந்த 44? எந்த நாணயம் என்று சொல்லும் புலத்தை வெட்டிவிட்டீர்களா?

தம்புரா:

ஆமாம், டோக்கன் (மாடல் படிக்கும் எழுத்துத் துண்டு) மிச்சம் பிடிக்கலாமே என்று வெட்டினேன். எல்லாவற்றையும் 100-ஆல் வகுக்கிறேன்.

நள்ளிரவு டெப்ளாய்:

அதுதான். டாலர் சென்டில் வரும், 2900 என்று. யென்னுக்குச் சில்லறை கிடையாது, 4400 என்றால் 4,400 யென்னேதான். குவைத் தினார் வந்தால் 1000-ஆல் வகுக்க வேண்டும். நாணயவாரியாகத் தனித்தனியாகக் கூட்டுங்கள்.

பேரேடு:

தம்பி, நான் கணக்கு பார்ப்பவள், கோடு தெரியாது. ஆனால் ஒரு கேள்வி. ஆடிட்டர் கேட்டது விற்பனையா, வந்த பணமா? இன்வாய்ஸுக்கு ஐந்து நிலை உண்டு: டிராஃப்ட் (வரைவு), ஓப்பன் (பணம் இன்னும் வரவில்லை), பெய்டு (வந்துவிட்டது), வாய்டு (ரத்து), அன்கலெக்டிபிள் (வசூலாகாது). வாய்டு ஆனதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஓப்பன் விற்பனையில் வரும், வரவில் வராது. டிராஃப்ட் இன்னும் இன்வாய்ஸே ஆகவில்லை. சந்தா புதுப்பிக்கும்போது சுமார் ஒரு மணி நேரம் அந்த நிலையிலேயே கிடக்கும். உங்கள் டூல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டுகிறது போலிருக்கிறதே. திருப்பிக் கொடுத்த கிரெடிட் நோட் இருந்தால் அதையும் பாருங்கள்.

அப்புறம் தேதி. ஸ்ட்ரைப்பில் வரும் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் மார்ச் 1 நள்ளிரவு அங்கே முந்தின நாள் மாலை 6:30. அமெரிக்க வாடிக்கையாளர் அதிகம் என்றால் அவர்களுடைய பகல் நமக்கு ராத்திரி, மாத எல்லையில் நிறைய விழும். மார்ச் 31 நிதியாண்டு முடிவு வேறு.

ஒற்றைச் சாவி:

கேட்காததைச் சொல்கிறேன், மன்னிக்கவும். ஏஜென்டிடம் ஸ்ட்ரைப்பின் முழு ரகசிய கீயையா (எல்லா அனுமதியும் உள்ள சாவி) கொடுத்திருக்கிறீர்கள்? இன்வாய்ஸ் படிக்க மட்டும் அனுமதி உள்ள ரெஸ்ட்ரிக்டட் கீ போதும். வாடிக்கையாளர் பெயர் என்ற கட்டத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம், "எனக்கு ரீஃபண்ட் கொடு" என்று கூட. ஏஜென்ட் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாலும் கீயில் அனுமதி இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

தம்புரா:

முழு கீதான் இருந்தது. உடனே மாற்றிவிட்டேன்.

டூலைத் திருத்தி எழுதினேன். 140 இன்வாய்ஸ் வந்தது. டாலரில் 131, அதில் வாய்டு 2, ஓப்பன் 5. விற்பனை 3,741 டாலர், வந்தது 3,596. யென் 39,600, எல்லாம் பெய்டு. ஸ்ட்ரைப் டாஷ்போர்டோடு ஒப்பிட்டேன், 3 இன்வாய்ஸ் இடித்தது. மூன்றுமே ஏப்ரல் 1 அதிகாலை, நம் நேரப்படி. பேரேடு அக்கா சொன்ன அதே இடம், டாஷ்போர்டு என் கணக்கில் வேறு நேர மண்டலத்தில் இருந்திருக்கிறது.

ஆடிட்டரிடம் கேட்டேன், அவருக்கு இரண்டு எண்ணும் வேண்டுமாம்.