கால்போனின்-1: ஆக்டின் இல்லாத குழாயிலும் அடியில் படிகிறது, உதவி தேவை

ஈ.கோலை பிஎல்21 பாக்டீரியாவில் உருவாக்கி எடுத்த மனித கால்போனின்-1 (மென்தசையில் ஆக்டின் இழைகளோடு பிணையும் புரதம்; 297 அமினோ அமிலம், சுமார் 33 கிலோடால்டன், நிக்கலில் ஒட்டுவதற்கான ஹிஸ் டேக் உண்டு). நிக்கல் காலமிலிருந்து (புரதத்தைப் பிரித்தெடுக்கும் குழாய்) 250 மில்லிமோலார் இமிடசோலில் தெளிவாகத்தான் இறங்குகிறது. 300 மில்லிமோலார் உப்பு இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஆக்டின் பிணைப்புச் சோதனைக்காக 50 மில்லிமோலார் கேசிஎல் பஃபருக்கு டயாலிசிஸ் செய்தால் (சவ்வுப் பையில் வைத்துக் கரைசலை மாற்றினால்), காலையில் பைக்குள் பால் கலந்த தண்ணீர் போல வெண்மை. 1,00,000 ஜி-யில் சுழற்றினால் ஆக்டின் சேர்க்காத கன்ட்ரோல் குழாயிலும் பாதி புரதம் பெல்லட்டில் (அடியில் படியும் பகுதியில்). ஆக்டினோடு சேர்ந்து படிவதை வைத்துத்தான் பிணைப்பை அளக்கிறேன். இப்படி இருந்தால் பிணைப்பு அளவை நம்பவே முடியாது.

260/280 விகிதம் (அந்த நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலின் விகிதம்) 1.2, சுத்தமான புரதத்துக்கு இது அதிகம். கார இயல்புள்ள (நேர்மின்னேற்றம் கொண்ட) புரதம் என்பதால் நியூக்ளிக் அமிலம் ஒட்டியிருக்கிறது என்றே தோன்றுகிறது. காலமிலேயே 1 மோலார் உப்பால் கழுவினால் போதுமா, நியூக்ளிக் அமிலத்தைப் படியவைக்கும் பாலிஎத்திலீன்இமின் வேண்டுமா? கால்போனின் வெப்பம் தாங்கும். ரீகாம்பினன்ட் புரதத்தைச் சூடாக்கிச் சுத்திகரித்தவர்கள் வெப்பநிலை, நேரம் சொல்லுங்கள். உப்பை அதிகமாக வைத்தே சோதிக்கலாம் என்றால் பிணைப்பே தளர்ந்துவிடும், அதனால் அது வேண்டாம்.