சங்கத்தின் கட்டடத்தை விற்ற அனுபவம் உண்டா?

குவீன்ஸ்வாசி:
நியூயார்க்கில் நாங்கள் நடத்தும் முதியோர் மையத்துக்கு ஒரே சொத்து பழைய மாடிக் கட்டடம்தான். லிஃப்ட் கிடையாது. முட்டிவலிக்காரர்கள் வருவதையே விட்டுவிட்டார்கள். விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் இடம் பார்க்கலாம் என்று இயக்குநர் குழு தீர்மானம் போட்டது. உறுப்பினர் கூட்டத்திலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு.

அதோடு முடியவில்லை. அறப்பணி அமைப்பு தன் சொத்து முழுவதையோ பெரும்பகுதியையோ விற்க, இங்கே மாநில அட்டர்னி ஜெனரலோ (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) நீதிமன்றமோ ஒப்புதல் தர வேண்டும். 2014 ஜூலைக்கு முன்பு நீதிமன்றம் ஒன்றுதான் வழி. விலையும் நிபந்தனைகளும் நியாயமா, விற்பதால் அமைப்பின் நோக்கம் நிறைவேறுமா என்று பார்ப்பார்கள்.

விலைக்கு மதிப்பீட்டாளர் அறிக்கை இருந்தது. இரண்டாவது கேள்விதான் எங்களை உலுக்கியது. மினிட்ஸில் ‘விற்க ஒப்புதல்’ என்று ஒற்றை வரி. மதியச் சாப்பாட்டுக்கு வரும் பெரியவர்கள் சாவி கைமாறிய மறுநாள் எங்கே போவார்கள்? அதற்குப் பதில் எழுதத்தான் மறுபடியும் குழுவைக் கூட்டினோம். எனக்கு அது தொந்தரவாகவே படவில்லை. கேட்க வேண்டிய கேள்வி.

1999இல் மன்ஹாட்டன் கண், காது, தொண்டை மருத்துவமனை தன் இடத்தை விற்கப் பார்த்தபோது, அட்டர்னி ஜெனரல் எதிர்த்தார், நீதிமன்றமும் அனுமதி மறுத்தது. கோடிக்கணக்கான டாலர் விலை பேசியிருந்தும் மருத்துவமனையின் நோக்கம் என்னாகும் என்பதே பெரிதாக நின்றது. சொத்து இயக்குநர்களுடையது இல்லையே, யாருக்காகச் சேர்த்தார்களோ அவர்களுடையது!

சான்ஹோசே உறுப்பினர்:
கலிஃபோர்னியாவில் நாங்கள் விற்றபோது கொஞ்சம் வேறு மாதிரி, அண்ணா. இயக்குநர் குழு ஒப்புதல், வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் ஒப்புதல், அப்புறம் விற்பனைக்கு 20 நாள் முன்னதாக அட்டர்னி ஜெனரலுக்கு எழுத்துமூல அறிவிப்பு. எங்களுடையது பொதுநல வகை அமைப்பு. எல்லா வகைக்கும் ஒரே விதி இல்லை. உங்களுக்கு ஒப்புதல் வரும்வரை வாங்குகிறவர் காத்திருந்தாரா?

குவீன்ஸ்வாசி:
காத்திருந்தார் தம்பி. ஒப்புதல் கிடைத்தால்தான் விற்பனை, இல்லையென்றால் முன்பணம் முழுதும் திரும்ப என்று ஒப்பந்தத்திலேயே வக்கீல் எழுதிவிட்டார். அந்த ஷரத்து இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.